சமையலறை உபாத்தியாயினி

சென்ற வாரம் நம் காரியாலயத்துக்கு ஒரு தாயார் வந்திருந்தார். கையில் பெண்ணின் புகைப்படம், முகத்தில் கவலை. வரன் தேடி வந்திருக்கிறாரோ என்று ஒரு கணம் பயந்து போனேன். விஷயம் அதுவல்ல.

"என் பெண் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் வேலைக்கு வெளிதேசம் போகிறாள். போகட்டும், படித்தவள்தானே? ஆனால் பயிற்சி முடிகிற வரையில் அந்த ஊர்க் குடும்பம் ஒன்றோடு தங்க வேண்டுமாம். முன்பின் தெரியாத வீட்டில் வயசுப் பெண்ணை எப்படியம்மா விடுவது? அதுவும் போகட்டும். இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கப் போகிறவளுக்கு யாரோ வீட்டுச் சமையலறையில் என்ன வேலை?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, என் பெரியம்மா பேத்தியின் கதையை அவருக்குச் சொன்னேன். நேயர்களே, அதையே உங்களுக்கும் சொல்கிறேன். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு பெண் பெட்டி கட்டிக் கொண்டிருக்கிறாளோ, யார் கண்டது?

அந்தப் பெண் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். என்னைச் 'சித்தி' என்று கூப்பிடுவாள். கல்லூரிப் படிப்பு முடிந்ததும், 'பீஸ் கோர்' என்னும் அமெரிக்க அரசாங்கத் தொண்டர் ஸ்தாபனத்தில் சேர்ந்தாள். 1961 மார்ச் முதல் தேதி ஜனாதிபதி கென்னடி ஆரம்பித்து வைத்தது அது. 1961 முதல் 1976 வரை நம் தேசத்திலும் அதன் தொண்டர்கள் இருந்திருக்கிறார்கள். இவளுக்குக் கிடைத்தது தாய்லாந்து. அங்கே 1962-லிருந்து தொண்டர்கள் போயிருக்கிறார்கள். மூன்று மாதம் போலப் பயிற்சி, அப்புறம் இரண்டு வருஷம் கிராமப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் உபாத்தியாயினி வேலை என்று ஏற்பாடு.

தாய்லாந்துக்குப் போன முதல் கோஷ்டிக்கு அமெரிக்காவிலேயே, மிச்சிகன் சர்வகலாசாலையில், பயிற்சி கொடுத்தார்களாம். பிற்பாடு அந்த முறை மாறியது. போகிற தேசத்திலேயே, ஒரு குடும்பத்தோடு தங்கவைத்துப் பழக்குவது என்று ஆயிற்று. பாஷை கரும்பலகையில் பாதிதான் வரும், மிச்சப் பாதி அடுப்பங்கரையில்தான் வரும் என்று கண்டுகொண்டார்கள் போலும்.

ஆக, 2019 ஜனவரியில், பாங்காக்கிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், நெல்வயல்களுக்கு நடுவே ஒரு வீட்டில் போய் இறங்கினாள் நம் பெண். வீட்டுக்கார அம்மாளுக்கு இங்கிலீஷில் 'ஹலோ' தெரியும். அதற்கு மேல் ஒரு வார்த்தை தெரியாது. இவளுக்குத் தாய் மொழியில் (தாய்லாந்து மொழியைத்தான் சொல்கிறேன்) 'மே' என்றால் அம்மா என்று தெரியும். அந்த இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு இருவரும் குடித்தனம் ஆரம்பித்தார்கள்.

அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "கின் காவ் ரூ யாங்?" சோறு சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். இரண்டாவது கேள்வி, குளித்தாயிற்றா? அங்கே நாளைக்கு இரண்டு தடவை குளிப்பது வழக்கம். தொட்டித் தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு விட்டுக்கொள்ள வேண்டும். மாலையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிகள் வரை, போகிறவர் வருகிறவர் எல்லாரும் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டார்கள்.

"சித்தி, எனக்கு இருபத்திரண்டு வயது. நான் குளித்தேனா என்று ஒரு கிராமமே விசாரிக்கிறது!" என்று கைபேசியில் எழுதினாள். அமெரிக்காவில் இருக்கும் அவள் அம்மா இதைக் கேட்டு, "நான் கேட்டால் மட்டும் கோபம் வருமே, இப்போது நன்றாக வேண்டும்!" என்று மகிழ்ந்து போனாள்.

அடுத்தது சாப்பாட்டுச் சங்கடம். பெண் சைவம். தாய் மொழியில் சைவச் சாப்பாட்டுக்கு 'மாங்ஸவிரத்' என்று பெயர். மாம்சம், விரதி என்ற நம் பழைய சமஸ்கிருத வார்த்தைகள்தான் கப்பலேறிப் போயிருக்கின்றன. வார்த்தை இருந்து என்ன? அங்கே மீனை உப்பில் ஊறவைத்து இறக்கும் 'நாம் ப்லா' என்ற சாறு இல்லாமல் குழம்பு கிடையாது, பொரியல் கிடையாது. நமக்குப் பெருங்காயமும் புளியும் எப்படியோ அப்படி. "மீன் போடவில்லை, சாறுதானே?" என்று அந்த அம்மாள் வெள்ளை மனதோடு கேட்டார். இவள் மூன்று நாள் வெறும் சோற்றைப் பிசைந்து கொண்டிருந்தாள். நான்காம் நாள் அந்த அம்மாள் கடைக்குப் போய்ச் சோயாச் சாறு புட்டி ஒன்று வாங்கி வந்து, இவளுக்கென்று தனி வாணலி வைத்துவிட்டார். விருந்தாளியை வைத்துக்கொள்வதற்காகக் குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுப்பது உண்டு. தனி வாணலிக்கும் அதைத் தினம் தேய்க்கிற கைக்கும் அந்தத் தொகையில் கணக்கு உண்டா? பெண்மணிகளே, உங்களுக்குத் தெரியாததா?

இரண்டாவது வாரம் நம் பெண் ஒரு பிசகு செய்தாள். நாள் முழுக்கப் பாடம். காலையில் தாய் மொழி, பிற்பகலில் வகுப்பு நடத்தும் முறை. களைத்து வந்தவள், கொஞ்ச நேரம் தனியாக இருக்கலாம் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அமெரிக்காவில் அதற்கு யாரும் அர்த்தம் கற்பிப்பதில்லை. இங்கேயோ வெளியில் ஒரே கலவரம். உடம்பு சரியில்லையோ, மனசுக்கு என்னவோ, சமையல் பிடிக்கவில்லையோ என்று அந்த அம்மாள் கதவுக்கு வெளியே தவித்திருக்கிறார். மறுநாள் மொழிப் பாடம் நடத்தும் ஆசிரியை மூலமாகத்தான் சங்கதி புரிந்தது. அதற்குப் பிறகு, தூங்கும் நேரம் தவிர மற்றப் போது கதவைப் பாதி திறந்தே வைத்தாள். அதோடு, "களைப்பாக இருக்கிறது, அரை மணி நேரம் படுத்துக்கொள்கிறேன்" என்பதைத் தாய் மொழியில் நெட்டுருப் போட்டாள். வாய் திறந்து சொல்லிவிட்டால் எந்த ஊர் அம்மாவுக்கும் புரிந்துவிடுகிறது.

இனிதான் முக்கியமான கட்டம். தாய் மொழியில் ஐந்து சுருதிகள் உண்டு. 'மை' என்ற ஓசையை இறக்கிச் சொன்னால் 'புதிய', ஏற்றிச் சொன்னால் 'பட்டு', உயரத்திலிருந்து விழுகிற மாதிரி சொன்னால் 'இல்லை'. சங்கீதம் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள். இதில் விபரீதம் என்னவென்றால், 'பக்கம்' என்பதற்கும் 'க்ளை', 'தூரம்' என்பதற்கும் 'க்ளை'. சுருதிதான் வேறு.

முதல் தடவையாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பார்க்க, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது. "தூரமா?" என்று அந்த அம்மாள் கேட்டார். "பக்கந்தான்" என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, இவள் "தூரம்" என்று சொல்லி வைத்தாள்.

விடியற்காலை நான்கு மணிக்குச் சமையலறையில் சத்தம். இவள் எழுந்து வந்து பார்த்தால், அந்த அம்மாள் சோறு வடித்து, காய் வதக்கி, முட்டை பொரித்து அடுக்கிக் கொண்டிருக்கிறார். 'பிந்தோ' என்று அங்கே ஒரு பாத்திரம் உண்டு. சாட்சாத் நம் ஊர் அடுக்கு டிபன் காரியரேதான். நான்கு அடுக்கும் நிரம்பி வழிகிறது. நீண்ட பிரயாணமாயிற்றே என்று பக்கத்து வீட்டுக்காரரின் வண்டிக்கும் சொல்லி வைத்தாகிவிட்டது. வண்டி புறப்பட்டு ஐந்தாவது நிமிஷம் பள்ளிக்கூட வாசலில் நின்றது! வண்டிக்காரர் சிரித்தார். செய்தி வீட்டுக்குப் போய் அந்த அம்மாளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். இவள் மட்டும் குளியலறைக்குள் போய் ஒரு நிமிஷம் அழுதுவிட்டு வகுப்புக்குப் போனாள்.

வகுப்பில் என்ன நடந்தது தெரியுமோ? வீட்டுப் படத்தைக் காட்டி, "ஹௌஸ்" என்று சொல்லச் சொன்னாள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் "ஹௌ" என்றார்கள். தாய் மொழியில் வார்த்தையின் கடைசியில் 'ஸ்' என்ற ஓசை வருவதில்லை. ஆகவே அந்த நாக்கு அங்கே நிற்காது. "தப்பு, மறுபடியும் சொல்லுங்கள்!" என்று இவள் நாக்கின் நுனி வரையில் வந்துவிட்டது. அப்போது மேஜை மேல் இருந்த நான்கு அடுக்குப் பாத்திரம் கண்ணில் பட்டதாம்.

"சித்தி, அந்த அம்மா என்னைத் தப்பு என்று சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பி நான்கு மணிக்கு எழுந்து சமைத்தார். நானோ ஒரு 'ஸ்' வரவில்லை என்று குழந்தைகளை விரட்டப் பார்த்தேன்" என்று எழுதினாள். அன்றைக்கு அவள் 'ஸ்'ஸைப் பாம்புச் சீறல் விளையாட்டாக ஆக்கினாளாம். வகுப்பே சீறிற்றாம். மறுவாரம் பாதிப் பிள்ளைகளுக்கு 'ஹௌஸ்' வந்துவிட்டது.

பாடம் நடத்தும் முறையை எந்தக் கல்லூரியும் சொல்லிக் கொடுத்துவிடும். ஆனால் ஒரு பாஷை தெரியாமல் வாயடைத்து நிற்பது என்றால் என்ன, பசிக்கிறது என்று சொல்லக்கூட வார்த்தை இல்லாமல் குழந்தையாகிப் போவது என்றால் என்ன என்பதை எந்தப் புஸ்தகம் சொல்லிக் கொடுக்கும்? இங்கிலீஷ் வகுப்பின் கடைசி பெஞ்சுக் குழந்தை தினமும் அந்த நிலையில்தானே உட்கார்ந்திருக்கிறது? அந்த பெஞ்சில் பத்து வாரம் உட்கார்ந்து எழுந்தவள் பிரம்பைத் தொடமாட்டாள்.

பயிற்சி முடிந்து, வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்தில் 'வாய் க்ரூ' என்று குருவந்தன விழா. 'க்ரூ' என்பது நம் 'குரு'தான். பிள்ளைகள் மண்டியிட்டு வந்து ஆசிரியர்களுக்குப் பூத்தட்டு கொடுக்கிறார்கள். தட்டில் இட்லிப்பூ, அருகம்புல், கத்தரிப்பூ. இட்லிப்பூவின் மொட்டு ஊசி போன்றது. அது போல் புத்தி கூர்மையாக வேண்டும். அருகைப் போல் கல்வி படர வேண்டும். தலை கவிழ்ந்திருக்கும் கத்தரிப்பூவைப் போல் பணிவு வேண்டும். எவ்வளவு அழகான கற்பனை, பாருங்கள்!

தட்டை வாங்கிக்கொண்டபோது இவளுக்கு ஒரே வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த விடுமுறையில் பஸ் ஏறி, பழைய வீட்டுக்குப் போய், கொல்லையிலேயே அந்த மூன்றையும் பறித்துத் தட்டில் வைத்து, அந்த அம்மாளின் முன்னால் மண்டியிட்டாள். அந்த அம்மாள் தட்டைப் பார்த்தார். "கத்தரிப்பூவை ஏன் பறித்தாய்? இந்த வாரம் காய்க்கு எங்கே போவது?" என்று அதட்டினாராம். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போய், வெகு நேரம் வெளியே வரவில்லையாம்.

இரண்டு வருஷம் முடியவில்லை. 2020 மார்ச் மாதம், கொரோனா நோய் பரவியதால், உலகெங்கும் இருந்த சுமார் 7,000 தொண்டர்களையும் அந்த ஸ்தாபனம் ஒரேயடியாகத் திருப்பி அழைத்துக்கொண்டது. போய் விடைபெற்று வர அவகாசம் இல்லை. தொலைபேசியில்தான் சொல்ல முடிந்தது. "உன் ஊர் தூரமா?" என்று கேட்டார் அந்த அம்மாள். "தூரம்" என்றாள் இவள். இந்தத் தடவை சுருதி தப்பவில்லை.

இவ்வளவையும் கேட்ட தாயார் காப்பியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தது யார், அவர்கள் நேரில் போய்ப் பார்த்தார்களா, பெண்ணுக்குப் பூட்டு உள்ள தனி அறை உண்டா, நடு ராத்திரியில் ஒரு சங்கடம் என்றால் யாரைக் கூப்பிடுவது, பிடிக்காவிட்டால் வீடு மாற்றித் தருவார்களா? இந்தக் கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் அனுப்பாதீர்கள். பதில் திருப்தியாக இருந்தால், கவலையை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தைரியமாக அனுப்புங்கள். பெண்ணிடமும் இரண்டு வார்த்தை சொல்லி வையுங்கள். சாப்பிட முடியாததை முதல் நாளே சிரித்த முகமாகச் சொல்லிவிட வேண்டும். சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக் கழுவ வேண்டும்.

எழுந்து கிளம்பியவர், வாசற்படியில் நின்று, "அந்த வீட்டு அம்மாளுக்கு என்ன கொடுத்தனுப்பலாம்? ஒரு புடவை? வெள்ளிக் குங்குமச் சிமிழ்?" என்று கேட்டார்.

"பயிற்சிக்கு உங்கள் பெண் வாங்கப் போகிற சான்றிதழில் யார் யார் கையெழுத்தோ இருக்கும். அந்த அம்மாளின் பெயர் இராது. ஆகையால் முதலில் அந்தப் பெயரைச் சுருதி பிசகாமல் சொல்லக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் சற்று யோசித்தார்.

"அதுவும் சரிதான். புடவையும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.