கடன் துண்டு ஒழிந்தது, காணித் துண்டு எங்கே?

அக்கா மலையகத்தில் கொழுந்து பறிக்கிறார். தம்பி கிளிநொச்சி மலையாளபுரத்தில் இருந்துகொண்டு அடுத்தவர் வயலில் அருவி வெட்டுகிறார். எமது வாசகர்களில் பலருக்கு இப்படி வன்னியில் ஓர் உறவாவது இருக்கும். இருவருக்கும் இல்லாத பொருள் ஒன்றே: தன் பெயரில் எழுதிய காணி உறுதி. இந்தக் கதை எமது தலைமுறையில் தொடங்கியதல்ல.

மேற்கிந்தியத் தீவுகள் முதலான பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1834 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுண் நட்டஈடு கிடைத்தது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை, ஒரு முழ நிலமும் இல்லை. கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டபோது இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள்.

இலங்கையில் அடிமைமுறை 1844 இல் சட்டப்படி முடிந்தது. அதே காலத்தில்தான் கோப்பித் தோட்டங்களுக்காக எமது முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். கொள்ளைநோயால் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம்.

அவர்கள் சட்டப்படி அடிமைகள் அல்லர். ஆனால் படகுக் கூலியும் வழிச் சோறும் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். மனிதனுக்கு விலை எழுதிய அந்தத் துண்டுமுறை 1921 இல் ஒழிக்கப்பட்டது.

துண்டு போனது, அதை எழுதிய மனப்பான்மை போகவில்லை. சுதந்திர இலங்கை தன் முதல் ஆண்டிலேயே, 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எம்மை நாடற்றவராக்கியது. 1964 இல் இரு பிரதமர்கள் எம்மை எண்ணிக்கையாகப் பிரித்துக்கொண்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்ப்பதற்கு. நாடற்றநிலையை முடிக்க 2003 வரை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ‘உழைப்பு எங்களுடையது, ஆள் எங்களுடையவன் அல்ல’ என்ற தோட்டக் கணக்கே நாட்டின் கணக்காகவும் ஆனது.

எழுபதுகளின் பட்டினியும் 1977 வன்செயலும் எம்மவரை வன்னிக்குத் துரத்தின. காந்தியம் அமைப்பு வவுனியாவிலிருந்து பலரைக் குடியமர்த்தியது. காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள். டொலர் பாம், கென்ட் பாம் குடியிருப்புகளில் இருந்தவர்கள் 1984 இல் விரட்டப்பட்டார்கள். 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை ஓடியவர்களிலும் செட்டிக்குளம் முகாம்களில் அடைபட்டவர்களிலும் எம்மவர் இருந்தார்கள். ஓட்டத்தில் உயிரோடு பத்திரங்களும் போயின.

திரும்பி வந்தபோது ‘காணிக்கு ஆதாரம் என்ன?’ என்று கேட்கிறார்கள். சிலர் குடியிருப்பது அரச காணி, சிலர் ஊரில் இல்லாத ஒருவரின் காணி. உறுதி இல்லாதவருக்கு வங்கிக் கடன் இல்லை. அதனால் நுண்கடன் கம்பனியின் வார அட்டை வீட்டுக்குள் வருகிறது. அதுதான் இன்றைய துண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை எம்மவர் கொழும்பில் மட்டும் கேட்கவில்லை, தமிழர் வாழும் வன்னியிலும் கேட்டார்கள். அடிமைகளைப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்த வரலாறு வடக்குக்கும் உண்டு. அதைப் பாடப்புத்தகத்தில் படிக்காத பிள்ளை அந்தச் சொல்லைத்தான் படிக்கும். தொழிற்சங்கங்களாகிய நாமும் குற்றமற்றவர் அல்லர். சந்தாப் பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்பட்ட நாளோடு வன்னிக்குப் போனவரை மறந்துவிட்டோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு 2023 இல் நடந்தவர்கள் 200 வருடத்தை நினைவுபடுத்தினார்கள். நினைவு மட்டும் போதாது.

நாம் கேட்பது சலுகை அல்ல. குடியிருக்கும் காணிக்கு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி வேண்டும். தனியார் காணியில் காலங்காலமாக இருப்பவருக்கு அரசு மாற்றுவழி காண வேண்டும். லயத்தில் இருப்பவருக்கும் இதே கோரிக்கைதான்.

வன்னியில் உள்ள உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய வாக்காளர் இடாப்பு, பிள்ளையின் பாடசாலைப் பதிவு, மின்சாரப் பட்டியல், முகாமில் தந்த அட்டை எதையும் எறியாதீர்கள். எந்த வருடம் வந்தீர்கள், யார் காடு வெட்டினார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். காணிக் கச்சேரிக்குத் தனியாகப் போகாதீர்கள், பத்துக் குடும்பமாகப் போங்கள். மலையகத்தில் இருப்பவர்களே, உங்கள் தம்பிக்கு இந்த இதழை அனுப்புங்கள்.

எமது பாட்டன்மாரின் கடனை எழுதக் கடதாசி இருந்தது. எமது காணியை எழுதவும் கடதாசி இருக்கத்தான் வேண்டும்.