புகைக்கூடு யாருடைய பொறுப்பு?



1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தை விட்டுத் திருகோணமலை மாவட்டத்துக்கு வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. லயத்தை விட்டு வந்தோம். லயத்துப் புகை கூடவே வந்துவிட்டது. அங்கே பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவுக்குள் எரிந்த அடுப்பு இங்கே தகரத்துக்கும் கிடுகுக்கும் கீழே எரிகிறது. 2022 இல் கேஸ் கிடைக்காமல் போனபோது, விறகை மறந்திருந்த வீடுகளும் திரும்பவும் ஊதுகுழலைத் தேடின.

வெளியே கொட்டில் போட்டுச் சமைத்தால் போயிற்று என்பார்கள். வாடை மழையில் அந்தக் கொட்டிலில் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அடுப்பு உள்ளே வரத்தான் செய்யும். வீட்டுக்குள் அடையும் புகையால் 2020 இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்படியில் நிற்கும் பெண்களும் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளும்தான் அந்தப் புகையை அதிகம் குடிப்பவர்கள்.

நம் ஊரில் பலர் சுவரில் துளை போட்டு ஒரு குழாயைப் பக்கவாட்டில் நீட்டிவிடுகிறார்கள். இது வீண்வேலை. தென்மேற்கே நீட்டினால் கச்சான் புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். வடகிழக்கே நீட்டினால் வாடை தள்ளும். குழாய் நேராக மேலே போக வேண்டும். கூரையைத் துளைத்த இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். சுற்றி 10 அடிக்குள் இருக்கும் கூரை முகட்டை விட 2 அடி மேலே நிற்க வேண்டும். மழை மூடியைக் குழாயோடு ஒட்டாமல் குடைபோல் தூக்கி வையுங்கள்.

பிவிசி குழாய் உருகும். அஸ்பெஸ்டஸ் குழாய் சூட்டில் வெடிக்கும். அறுக்கும்போது பறக்கும் தூசி புற்றுநோயைத் தரும். மலிவாகக் கிடைத்தாலும் இரண்டும் வேண்டாம். தகரக் குழாய் என்றால் மரக் கைகளிலிருந்து 18 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும். கிடுகுக் கூரைக்கு அதுவும் ஆபத்து. செங்கல்லால் கட்டுவதே நல்லது. அனகி அடுப்பு விறகை மிச்சப்படுத்தும், ஆனால் அதற்குப் புகைக்கூடு கிடையாது. அதன் மேலே அகலமான கூண்டு வைத்துத்தான் புகையைக் குழாய்க்குள் ஏற்ற வேண்டும். கீழிருந்து காற்று வர ஒரு வழியும் வேண்டும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் எந்தக் குழாயும் இழுக்காது.

கட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதை ஒடிசா காட்டியது. அங்கே சுமார் 2,600 குடும்பங்களை வைத்து ஆய்வாளர்கள் புகைபோக்கி அடுப்புகளைச் சோதித்தார்கள். முதல் வருடம் புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் இல்லாமல் போயிற்று. உடைந்ததைத் திருத்தவில்லை, குழாயில் படிந்த கரியைத் தட்டவில்லை.

ஆகவே சங்கம் இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. தோட்டத்தில் கூரை நிர்வாகத்துடையது. நம் இஷ்டத்துக்கு அதில் துளை போட முடியாதென்றால் புகைக்கூட்டைப் போடுவதும் திருத்துவதும் நிர்வாகத்தின் செலவு. புதிய வீட்டுத் திட்டம் எது வந்தாலும் கையெழுத்துக்கு முன் வரைபடத்தில் அடுப்படியைப் பாருங்கள். கரி தட்டுவது நம் கையில் இருக்கிறது. அதற்கு நீளத் தூரிகை ஒன்று ஒரு லயத்துக்கே போதும். சந்தாப் பணத்தில் வாங்கலாம்.

இன்று மாலை அடுப்பு நன்றாக எரியும்போது கூண்டின் விளிம்பருகே ஒரு ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். அதன் புகை மேலே இழுபடாமல் உங்கள் முகத்துக்கு வந்தால், அடுத்த கிளைக் கூட்டத்தில் எழுந்து அதைச் சொல்லுங்கள்.