அரைப்பேர் விழும் இடம்

சிறுகதை ஒன்றைப் படித்து முடித்த கையோடு கரும்பலகையில் கட்டம் போடுவது தமிழ்ப் பாட வகுப்பில் பழகிப்போன வழக்கம். கதைமாந்தர், களம், கதைப்பின்னல், முரண், கரு. மாணவர் கட்டங்களை நிரப்புகிறார்; புள்ளியும் கிடைத்துவிடுகிறது. அந்தக் கூறு கதைக்குள் என்ன வேலை பார்க்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாந்துபோவது களம்தான். ஓர் ஊர்ப்பெயரோடு அதன் கதை முடிந்துவிடுகிறது.

கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்து அப்போது ஆறே ஆண்டுகள். கண்டிக்காரர் எழுதிய நாவல் எகிப்தில் தொடங்கி பம்பாய், கல்கத்தா என்று அலைகிறது. ‘களம்: எகிப்து’ என்று எழுதிவிட்டு நகரும் மாணவர் ஒரு பெரிய விஷயத்தைத் தவறவிடுகிறார். 1882இல் ஆங்கிலேயரிடம் தோற்ற எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா, 1883 ஜனவரியில் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார்; பின்னாளில் கண்டியிலேயே வாழ்ந்தார். ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை நடத்திய சித்திலெப்பை அவரோடு நெருங்கிப் பழகியவர். ஆகவே அன்றைய வாசகருக்கு எகிப்து கனவு தேசம் அல்ல, நடப்புச் செய்தி. தூரத்துக் களத்துக்கும் ஒரு காரணம் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் கண்டியில் வேறில்லை.

அதே ஆண்டுகளில் கண்டி மலைகளில் இலைநோய் கண்டு கோப்பி செத்துக்கொண்டிருந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நாவலுக்குள் அந்த மலை வரவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் என்று மலையகத்து எழுத்தாளர்கள் பேனா எடுக்கும்வரை அது காத்திருந்தது.

அவர்களுடைய உலகில் ஒரு காட்சி. மாலை நேரம், கொழுந்து மடுவம். தலைக்கயிற்றை அவிழ்த்துக் கூடையைத் தராசில் மாட்டுகிறாள் ஒருத்தி. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கழிக்கிறார். மிச்சம் உள்ள நிறை போதவில்லையென்றால் ‘அரைப்பேர்’. விடிகாலைப் பிரட்டில், அதாவது வேலைக்குப் பேர் பதியும் இடத்தில், முழுப்பேராக நின்றவள், பொழுது சாயும்போது பாதிச் சம்பளத்துக்கு உரியவள் ஆகிறாள். இதில் முரண் எது, களம் எது? தராசை எந்தக் கட்டத்தில் போடுவது? அதுதானே அவளுக்கு எதிரே நிற்கிறது! இதை நகரத்து அலுவலகம் ஒன்றுக்கு மாற்றினால் ‘பேர்’ என்ற சொல்லே பொருளிழந்துவிடும். கதையும் அங்கேயே சரிந்துவிடும்.

இதைப் புரிந்துகொள்ள வெளியூர்க் கையேடு தேவையில்லை. நிலத்தையும் பொழுதையும் தொல்காப்பியம் ‘முதற்பொருள்’ என்கிறது. கருப்பொருளும் உரிப்பொருளும் அதற்குப் பின்னரே. மலைச்சரிவும் விடியற்பனியும் முதற்பொருள். கூடை, படங்கு, கவ்வாத்துக் கத்தி கருப்பொருள். உரிப்பொருளில்தான் சிக்கல்: குறிஞ்சி நிலத்துக்குச் சொன்ன புணர்தல் இந்த மலைக்குப் பொருந்தவில்லை. நிலம் அதே மலைதான், ஆனால் அது யாருக்குச் சொந்தம் என்பது மாறிவிட்டது. அந்த மாற்றத்திலிருந்தே மலையகக் கதையின் உரிப்பொருள் பிறக்கிறது. கூறுகளைத் தனித்தனியாக அல்லாமல், ஒன்றிலிருந்து ஒன்று எப்படி விளைகிறது என்று கேட்கும் முறை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. அதைச் செய்யுள் பாடத்தோடு நிறுத்திவைத்திருப்பது வீண்.

இந்தத் தவணையில் ஆசிரியர்கள் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்க வேண்டும். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ தொகுதியிலிருந்து ஒரு கதையை எடுத்து, அதை அப்படியே கண்டி நகரத்துப் புடவைக்கடை ஒன்றுக்கு மாற்றி எழுதச் சொல்லுங்கள். எந்த வரியில் கதை மேலே நகர மறுக்கிறதோ, அந்த வரிக்குக் கீழே மாணவர்களே கோடு போடட்டும். கட்டம் போடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.