ஹெட்செட்டைத் தீர்மானித்த பின்பே பில்ட்

கலப்பு மெய்ம்மைச் செயலிக்கான பில்ட் அமைப்புகளை வேலையின் கடைசி வாரத்துக்கு ஒத்திவைப்பதே பல திட்டங்கள் தடுமாறக் காரணம். செயலி எந்த ஹெட்செட்டில் ஓடும் என்பது முடிவானால் பாதி அமைப்புகள் தாமாகவே முடிவாகிவிடும். அது முடிவாகாமல் வரையப்படும் மாதிரியும் எழுதப்படும் நிரலும் பின்னால் திருத்தத்துக்கு வரும். யூனிட்டியில் செய்யப்படும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளில் ஏற முடியாத முதியவருக்கு, வீட்டுக் கூடத்திலேயே மலையையும் படிவழியையும் காட்டுவது அதன் வேலை.

ஹோலோலென்ஸ் 2 என்றால் பில்ட் தளம் யூனிவர்சல் விண்டோஸ், சில்லு வகை ஏஆர்எம்64. முதல் ஹோலோலென்ஸ் இன்டெல் சில்லில் ஓடியதால் அதற்கு எக்ஸ்86 தேவைப்பட்டது. பழைய பாடக்குறிப்புகளைப் பார்த்து இன்றும் அதையே தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. ஹோலோலென்ஸ் 2-இன் உற்பத்தி 2024-இல் நின்றுவிட்டதால், புதிதாகத் தொடங்குபவருக்கு அது ஏற்ற தேர்வு அல்ல. மெட்டா குவெஸ்ட் 3 என்றால் தளம் ஆண்ட்ராய்டு. அங்கும் ஏஆர்எம்64 கட்டாயம். ஆண்ட்ராய்டில் மோனோ அதை ஆதரிக்காததால் ஸ்கிரிப்டிங் பேக்எண்ட் ஐஎல்2சிபிபி ஆகத்தான் இருக்க வேண்டும். இரண்டு கருவிகளுக்கும் பொதுவான இணைப்பாக ஓப்பன்எக்ஸ்ஆர் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தளத்துக்கும் அதைத் தனித்தனியே இயக்க வேண்டும்.

நிறவெளி லீனியர். இரு கண்களுக்கும் காட்சியை ஒரே சுற்றில் வரையும் சிங்கிள் பாஸ் இன்ஸ்டன்ஸ்டு அல்லது மல்டிவியூ முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நொடிக்கு 72 சட்டங்கள் என்றால் ஒரு சட்டத்துக்குக் கிடைப்பது 13.9 மில்லிநொடி, 90 என்றால் 11.1. இடது கண்ணுக்கு ஒருமுறை, வலது கண்ணுக்கு ஒருமுறை என்று கட்டளையிட அதில் நேரம் போதாது.

உண்மையான சிக்கனம் டெக்ஸ்சர் சுருக்கத்தில்தான். படிகளின் கல்லையும் கோபுரத்தின் சுதையையும் புகைப்படங்களிலிருந்து மாதிரியாக்கினால் டெக்ஸ்சர்கள் குவிந்துவிடும். 2048 x 2048 அளவுள்ள ஒன்று, சுருக்கப்படாதபோது நினைவகத்தில் 16 எம்பி பிடிக்கும். ஏஎஸ்டிசி 4x4 அதை 4 எம்பி ஆக்கும், 6x6 ஏறத்தாழ 1.8 எம்பி, 8x8 ஒரே எம்பி. அருகில் நின்று பார்க்கும் சிற்பத்துக்கு 4x4, காலடியில் கடந்துபோகும் படிக்கு 6x6, தொலைவில் தெரியும் குன்றுக்கு 8x8 எனப் பிரித்து வைப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவை வைப்பது சோம்பலே.

பாஸ்த்ரூ காட்சியில் அடிக்கடி வரும் குறை ஒன்று: கூடம் தெரிய வேண்டிய இடத்தில் கறுப்பு மட்டும் தெரியும். கேமராவின் பின்னணி நிறத்தில் ஆல்ஃபா பூஜ்யமாக இல்லாதது ஒரு காரணம். எச்டிஆரும் போஸ்ட் பிராசஸிங்கும் அந்த ஆல்ஃபாவை அழித்துவிடுவது இன்னொரு காரணம். குவெஸ்டுக்கான பில்டில் இவ்விரண்டையும் அணைத்து வைப்பதே பாதுகாப்பு.

எழுத்துரு விஷயத்தில் தமிழ்ச் செயலியாளர் கூடுதலாக விழித்திருக்க வேண்டும். திருத்தணி 1960-இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர். அங்கே தமிழும் தெலுங்கும் புழங்குகின்றன. எனவே பலகைகள் இரு மொழியிலும் வேண்டும். டெக்ஸ்ட்மெஷ் புரோ இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டுவதில்லை. ‘கோயில்’ என்பதில் இரட்டைக்கொம்பு ‘க’வுக்கு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும்; அது இரண்டையும் பின்னால் தள்ளிவிடும். தெலுங்கில் ‘ஸ்வாமி’ என்று எழுதினால் ‘வ’ துணையெழுத்தாகக் கீழே இறங்காது. ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துக்கோப்பு நிரலகத்தைச் சேர்க்கலாம். மாறாத பலகைகளை முன்கூட்டியே படமாக்கியும் வைக்கலாம். எதுவாயினும் முதல் பில்டிலேயே கருவியில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். கோயிலின் பெயரே சிதைந்து நிற்கும் செயலியைப் பக்தர் கையில் கொடுப்பது அவமதிப்பு.

சோதனைக்கு டெவலப்மெண்ட் பில்ட் உதவும். ஆனால் அதில் அளந்த வேகம் வெளியீட்டின் வேகம் ஆகாது. வெளியீட்டு பில்டில் பயன்படாத நிரலை நீக்கும் ஸ்ட்ரிப்பிங் அளவை உயர்த்தும்போது, ரிஃப்ளெக்‌ஷன் வழி அழைக்கப்படும் வகுப்புகளும் சேர்ந்து போய்விடலாம். எடிட்டரில் சரியாக ஓடிய செயலி கருவியில் நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. காக்க வேண்டிய வகுப்புகளை லிங்க்.எக்ஸ்எம்எல் கோப்பில் குறித்துவிட்டால் தீரும்.

யூனிட்டி 6-இல் பில்ட் ப்ரொஃபைல் வந்துவிட்டதால், சோதனைக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று என அமைப்புகளைத் தனிக் கோப்புகளாகவே வைத்துக்கொண்டு நிரலோடு சேர்த்துச் சேமிக்கலாம். செயலிக்குக் கையொப்பமிடும் சாவி உள்ள கீஸ்டோரை மட்டும் அதே களஞ்சியத்தில் போடக் கூடாது. வேறு இரண்டு இடங்களில் பத்திரமாக வைக்க வேண்டும். அது தொலைந்தால், ஏற்கெனவே நிறுவப்பட்ட செயலியின் மேல் புதிய பதிப்பை ஆண்ட்ராய்டு ஏற்காது.