மகன் லடாக்கில்... வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்!

காலையில் அனுப்பிய 'சாப்பிட்டியாப்பா?' மெசேஜுக்கு ராத்திரி வரை ஒற்றை டிக்தான். போன் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு குரல் மூன்று மொழிகளில் மாற்றி மாற்றிச் சொல்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, லடாக் சீஸனில், பல வீடுகளில் இதுதான் கதை. மணாலியில் இருந்து பைக்கில் கிளம்பிய பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று அம்மா டி.வி சேனலை மாற்றிக்கொண்டே இருப்பார். அப்பா கவலைப்படாதவர்போல் பேப்பர் படிப்பார். பக்கம் மட்டும் புரளாது.

அந்த ஒற்றை டிக்குக்கு அர்த்தம் ஒன்றுதான். மெசேஜ் இங்கிருந்து கிளம்பி வாட்ஸ்அப் சர்வர் வரை போய்விட்டது, அவருடைய போனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. 30 நாள் வரை அது அங்கேயே காத்திருக்கும். சிக்னல் கிடைத்த நிமிடம் போய் விழுந்துவிடும். போன் தொலைந்துவிட்டது, பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றெல்லாம் அந்த டிக் சொல்வதில்லை.

இதைவிட அதிகம் பயமுறுத்துவது லைவ் லொகேஷன். அம்மாவின் நிம்மதிக்காக ஆன் செய்துவிட்டுப் போவார்கள். நெட் போனதும் அந்தப் புள்ளி மேப்பில் ஏதாவது ஒரு மலை வளைவில், ஆற்றங்கரை ஓரத்தில் அப்படியே நின்றுவிடும். பையன் அங்கிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி ஒரு கூடாரக் கடையில் மேகி சாப்பிட்டுக்கொண்டிருப்பான். வீட்டிலோ, 'ஏன் ரெண்டு மணி நேரமா நகரவே இல்லை?' என்று அழுகை ஆரம்பித்திருக்கும். சிக்னல் இல்லாத ஊருக்குப் போகும்போது லைவ் லொகேஷன் பகிராமல் இருப்பதே வீட்டுக்குச் செய்யும் நன்மை.

ஒரு காலத்தில் காசிக்குப் போனவர்களிடமிருந்து இன்லாண்ட் லெட்டர் வரவே பத்து நாள் ஆனது. அவசரம் என்றால் தந்தி. அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு முடிந்துபோனது. அந்தப் பத்து நாளும் வீட்டில் சமையல் நடந்தது, தூக்கம் வந்தது. அப்போது யாரும் தினமும் செய்தி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது மணிக்கொரு தரம் பேசிப் பழகிவிட்டோம். அதனால், 'எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை பேச முடியாது' என்று முன்கூட்டியே சொல்லாமல் போவதுதான் பிரச்னை. மலையில் டவர் இல்லாதது யார் தப்பும் இல்லை. அதைச் சொல்லாமல் போவது போகிறவரின் தப்புதான்.

எப்படிச் சொல்வது? ஜிஸ்பாவில் தங்கியிருக்கும் பையன் இப்படிச் சொன்னால் போதும்.

"அம்மா, நாளைக்குக் காலையில கிளம்பினா சார்ச்சு, பாங் வழியெல்லாம் டவர் இருக்காது. லே போய்ச் சேர்ந்துதான் பேசுவேன். நாளன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குள்ள கூப்பிடறேன்."

"அதுக்குள்ள வரலைன்னா?"

"மழை, ரோடு பிளாக், வண்டி பஞ்சர்னு எது வேணும்னாலும் இருக்கும்மா. மறுநாள் மத்தியானம் வரைக்கும் பயப்படாத. அதுக்கப்புறமும் போன் வரலைன்னா நான் அனுப்பின லிஸ்ட்ல இருக்கிற நம்பருக்கு அப்பாவைப் பேசச் சொல்லு."

இதில் இரண்டு நேரம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பேசுவதாகச் சொன்ன நேரம் ஒன்று, கவலைப்பட ஆரம்பிக்க வேண்டிய நேரம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விட வேண்டும். மலைப்பாதையில் ஒரு நிலச்சரிவு போதும், அரை நாள் போய்விடும். முதல் நேரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், 9:05-க்கே வீட்டில் தேடல் தொடங்கிவிடும்.

அந்த லிஸ்ட்டில் என்ன இருக்க வேண்டும்? தங்கும் விடுதியின் எண், வண்டி வாடகைக்குத் தந்தவர் அல்லது டிரைவரின் உள்ளூர் எண், கூடப் போகும் இருவரின் எண்கள், அவர்கள் வீட்டு எண், வண்டி நம்பர். கூடவே போகும் மாவட்டத்தின் காவல் கட்டுப்பாட்டு அறை எண்ணும். 112 இருக்கிறதே என்று தோன்றலாம். சென்னையில் இருந்து 112-ஐ அழைத்தால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். லேயில் காணாமல் போனவரைத் தேட லே போலீஸின் நேரடி எண் கையில் இருப்பதே வேகமான வழி. மலையில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் 112 கைகொடுக்கும். சொந்த நெட்வொர்க் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் அந்த அழைப்பு போகும்.

இத்தனையும் பக்காவாகச் செய்துவிட்டுப் பலர் கோட்டைவிடுவது சிம் கார்டில். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. பாதுகாப்புக் காரணங்களுக்கான ஏற்பாடு அது. போஸ்ட்பெய்டு மட்டும்தான் எடுக்கும். எவ்வளவு ரீசார்ஜ் செய்திருந்தாலும் பயனில்லை. பேச முடியாது, வங்கி ஓ.டி.பி கூட வராது. நெட் இல்லாததால் யு.பி.ஐ-யும் படுத்துவிடும். கையில் ரொக்கம் இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான். ஊரிலேயே போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டு கிளம்புவது நல்லது. அதையும் கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் செய்யக் கூடாது. மாறி முடிந்து, அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும் சரியாக வருகிறதா என்று பார்க்க நாலைந்து நாளாவது வேண்டும். போகும் குழுவில் எல்லோரும் ஒரே நிறுவனத்தின் சிம் வைத்திருப்பதைவிட, ஆளுக்கு ஒன்றாக இருந்தால் ஏதாவது ஒன்றில் ஒரு கோடாவது தெரியும்.

அந்த ஒரு கோடு வரும்போது வீடியோ கால் முயன்று பார்த்து, அது சுற்றிச் சுற்றி நின்று, சார்ஜும் போய்ச் சேரும். அப்போது பழைய எஸ்.எம்.எஸ்ஸே போதும். நெட் தேவையில்லை, அரைகுறை சிக்னலிலும் போய்விடும். 'நல்லா இருக்கேன். பாங் தாண்டியாச்சு. நாளை இரவு கூப்பிடறேன்.' இவ்வளவு போதும். வாட்ஸ்அப்பே கதி என்று இருக்கும் வீடுகளில் எஸ்.எம்.எஸ் இன்பாக்ஸைத் திறந்து பார்க்கவும் சொல்லி வைக்க வேண்டும். விளம்பரக் குப்பைக்கு நடுவே மகன் அனுப்பியது மூன்று நாள் படிக்கப்படாமல் கிடக்கக் கூடாது.

சிக்னல் இல்லாத இடத்தில் டவரைத் தேடித் தேடியே போன் சார்ஜைத் தின்றுவிடும். ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டால் தாங்கும். குளிரிலும் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால் போனை ஜெர்கினின் உள்பாக்கெட்டில் வைப்பது நல்லது. முன்கூட்டியே டவுன்லோட் செய்த மேப் இருந்தால், நெட் இல்லாமலே ஜி.பி.எஸ் இருக்கும் இடத்தைக் காட்டும்.

சாட்டிலைட் போன் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா ஆசையாக வாங்கித் தரும் கையடக்க சாட்டிலைட் கருவியை இங்கே பையில் போட்டுக்கொண்டு போனால் வம்பு. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டினர் விமான நிலையங்களில் சிக்கியிருக்கிறார்கள். ஐபோன் 14-ல் தொடங்கிய சாட்டிலைட் எஸ்.ஓ.எஸ் வசதியை நம்பியும் போக முடியாது. அந்தச் சேவை தரப்படும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை.

பைக் எடுத்துக்கொண்டு போகும் பிள்ளைகளாவது எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள். உண்மையில் அதிகம் தவிப்பது, டிராவல்ஸ் பஸ்ஸில் வைஷ்ணோ தேவிக்கும் அமர்நாத்துக்கும் போகும் பெரியவர்கள். டெல்லி வரை பேசிக்கொண்டே வந்த போன், ஜம்முவில் இறங்கியதும் ஊமையாகிவிடும். காரணம் அதே ப்ரீபெய்டு சிம். பாஷையும் தெரியாது. கூட்டத்தில் கைவிட்டுப் போனால், பக்கத்தில் நிற்பவரிடம் போன் வாங்கிப் பேசலாம் என்றால் மகளின் எண் மனப்பாடம் இல்லை. எல்லாம் அந்த ஊமை போனுக்குள் இருக்கும், அதிலும் சார்ஜ் தீர்ந்திருக்கும்.

அம்மா அப்பாவை யாத்திரைக்கு அனுப்பும் வீடுகளில் குழுத் தலைவரின் எண் போஸ்ட்பெய்டுதானா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். தினமும் ராத்திரி அந்த ஒரு போனில் இருந்து எல்லோரும் நலம் என்று ஒரு மெசேஜ் வந்தால் போதும் என்று பேசி வைக்கலாம். அப்பாவின் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு, அம்மாவின் சுருக்குப் பையில் இன்னொன்று. பெயர், மகளின் எண், குழுத் தலைவர் எண், தங்கும் இடத்தின் பெயர், சாப்பிடும் மாத்திரைகள். தமிழில் மட்டும் எழுதினால் கத்ராவில் படிக்க ஆள் தேட வேண்டும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஊக்கு குத்தி அனுப்ப வேண்டும்.