வெயிலில் வெந்த சோறு

பள்ளியில் சூரிய அடுப்பு செய்து பார்த்தோம். அட்டைப் பெட்டிக்குள் சிறு பெட்டி, நடுவே கசக்கிய பத்திரிகைத் தாள், உள்ளே கறுப்புச் சட்டி, மேலே கண்ணாடி. பக்கத்தில் நிமிர்த்திய அட்டையில் வெள்ளித்தாள். வெயில் உள்ளே வரும். சூடு எளிதில் வெளியேறாது. 1767இல் ஜெனீவா அறிஞர் சோசூர் கண்ட கண்ணாடிப் பெட்டியின் வழிதான்.

முதல் நாள் 11 மணிக்கு அரிசி வைத்தோம். பிள்ளைகள் திறந்து திறந்து பார்த்தார்கள். போதாதற்கு 2 மணிக்கு ஈப்போ மழை! அரைவேக்காட்டைக் கோழி தின்றது.

மறுநாள் 9 மணிக்கே வைத்து, சூரியன் நகர நகரப் பெட்டியைத் திருப்பினோம். 1 மணிக்குச் சோறு வெந்திருந்தது.

மாதக் கடைசியில் கேஸ் தீர்ந்துவிடும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி பெட்டியைக் கேட்டாள். கொடுத்தேன். “இடையில் கண்ணாடியைத் திறக்காதே, அம்மாவிடமும் சொல்” என்றேன்.