நூறு வருஷத்துக்கு ஒரு தடவையாம்!

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றி மனை பார்க்கப் போகிறவர் எவரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: "மழைக்குத் தண்ணி நிக்குமா சார்?" தவறாமல் வரும் பதிலும் ஒன்றுதான்: "2015ல கொஞ்சம் வந்துச்சு. அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மழை சார். இனிமே நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துலதான்." கேட்டவர் நிம்மதியாக அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்.

தரகரை மட்டும் திட்டிப் பயனில்லை. இதே வசனத்தை டிவி விவாதத்திலும் அரசியல் மேடையிலும் படித்தவர்கள் வாயிலிருந்தே கேட்கிறோம். பெருமழையை நேரில் கண்ட ஊர், அந்த அனுபவத்தையே அடுத்த மழைக்கான விலக்குச் சீட்டாக மாற்றிக்கொண்டிருக்கிறது.

பொறியாளர்கள் "நூறாண்டு வெள்ளம்" என்று சொல்வது காலண்டர் கணக்கே அல்ல. எந்த ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டாலும் அந்த அளவுக்கோ அதற்கு மேலோ தண்ணீர் வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். போன வருஷம் வந்துவிட்டதே என்பதற்காக இந்த வருஷத்து வாய்ப்பு குறைந்துவிடாது. ஒருமுறை தாயம் விழுந்துவிட்டது, அடுத்த உருட்டலில் விழக்கூடாது என்று சோழிக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

இதை இருபது ஆண்டு வீட்டுக் கடனோடு வைத்துப் பார்க்கலாம். ஓர் ஆண்டு தப்பிக்க 99 சதவீத வாய்ப்பு. இருபது ஆண்டும் தொடர்ந்து தப்பிக்க வேண்டுமானால் அது 82 சதவீதமாக இறங்கிவிடுகிறது. ஆக, கடைசித் தவணை கட்டி முடிப்பதற்குள் ஒரு தடவையாவது அந்த வெள்ளம் வாசலுக்கு வர 18 சதவீதம். இவ்வளவு வாய்ப்புள்ள ஒரு நோயை டாக்டர் சொன்னால் நம்மில் யாரும் சிரித்துவிட்டு எழுந்து வரமாட்டோம். இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டை நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கிடைக்கிறது. அதே கணக்கை அங்கே போட்டால் 63 சதவீதம்! குத்தகை முடிவதற்குள் அந்த வெள்ளம் வராமலிருப்பதைவிட வருவதற்கே வாய்ப்பு கூடுதல்.

சரி, 2015 மழையாவது நிஜமாகவே நூறாண்டு காணாததா? எந்த ஊரில் என்று முதலில் கேட்க வேண்டும். அந்த நவம்பரில் சென்னையில் பெய்த மொத்த மழை, 1918 நவம்பருக்குப் பிறகு இல்லாத அளவு. அங்கிருந்துதான் "நூறு" என்ற எண் எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஊரை மூழ்கடித்தது மாதக் கணக்கு அல்ல, டிசம்பர் 1ஆம் தேதி ஒரே நாளில் கொட்டியது. அன்று நுங்கம்பாக்கத்தில் சுமார் 29 செ.மீ. அதே நுங்கம்பாக்கத்தில் 1976 நவம்பர் 25 அன்று 45 செ.மீ. பெய்திருக்கிறது. இடைவெளி 39 ஆண்டு. ஆனால் அதே டிசம்பர் நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. ஒரே மழை, ஒரே இரவு, இருபது முப்பது கிலோமீட்டருக்குள் இத்தனை வித்தியாசம். நுங்கம்பாக்கத்து அளவை வைத்துக்கொண்டு ஒரகடத்து மனைக்கு ஜாதகம் கணிப்பது எந்த ஊர் நியாயம்?

பெருவெள்ளங்களின் வரிசையையும் பார்த்துவிடுவோம்: 1943, 1976, 1985, 2005, 2015, 2023. இதில் நூறு எங்கே இருக்கிறது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் பல பத்தாண்டுகளில் காணாத மழை என்றுதான் சொன்னார்கள். காணாத மழையை எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு முறை கண்டாயிற்று. 2015 டிசம்பரில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயும் ஒரகடம் ரெனால்ட்-நிசானும் உற்பத்தியை நிறுத்தின. 2023இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கான் நிறுத்தியது.

"நாம உள்ளே தள்ளி இருக்கோம், புயலெல்லாம் கடலோரத்துக்காரங்க பாடு" என்பது இந்தப் பக்கத்து இன்னொரு ஆறுதல். 2024இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. அதன் மிச்சம் உள்நாட்டுக்குள் நகர்ந்து, கடலே தெரியாத கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. பேருந்து நிலையம் அருகே நின்ற வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை நாடே பார்த்தது.

மழை அதே மழையாக இருந்தாலும் வெள்ளம் அதே வெள்ளமாக இருக்காது என்பதையும் இந்த நூறாண்டு வசனம் மறைத்துவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் முழுக்க ஏரிகள். ஓர் ஏரி கோடி போனால் அந்தத் தண்ணீர்தான் அடுத்த ஏரிக்கு வரத்து. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி என்று இறங்கி இறங்கிச் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகும். நடுவில் நெல் வயல் இருந்தவரை வரப்புக்கு வரப்பு தண்ணீர் நின்று, ஊறி, மிச்சம்தான் நகர்ந்தது. இன்று அங்கே தகரக் கூரையும் கான்கிரீட் தளமும் கண்டெய்னர் நிறுத்தும் திடலும். பெய்த மழை நிற்க இடமில்லாமல் அடுத்த நிமிஷமே வாய்க்காலுக்கு ஓடிவருகிறது. வாய்க்காலுக்குக் குறுக்கே காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அடியில் பெயருக்கு ஒரு சிமென்ட் குழாய், குழாய் வாயில் தெர்மாகோல். பழைய மழையளவை வைத்துப் போட்ட நூறாண்டுக் கணக்குக்கு இந்தக் குழாய் தெரியாது.

பெரிய கம்பெனிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன: மண் கொட்டி மனையை உயர்த்துவது. வெள்ளம் தொடர்பான தடையின்மைச் சான்று கேட்டுப் போனாலும், இத்தனை மீட்டர் உயர்த்து என்ற நிபந்தனையோடு வருவதுண்டு. உயர்த்திய மனையில் தண்ணீர் நிற்காது. சாலைக்கு எதிர்ப்புறம் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் ஆறு பேராகத் தங்கியிருக்கும் லைன் வீட்டில் நிற்கும். அந்த அறைகளில் ஸ்விட்ச் போர்டு இடுப்பு உயரத்தில், கேஸ் அடுப்பு தரையில்.

"செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டதுதான் 2015க்குக் காரணம், மற்றபடி ஒன்றுமில்லை" என்று முடித்துவிடுகிறவர்களும் உண்டு. விநாடிக்கு 29,000 கன அடி திறந்த முடிவும் அதன் நேரமும் கேள்விக்குரியவைதான். கணக்குத் தணிக்கைத் துறையே கண்டித்திருக்கிறது. ஆனால் தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு அந்த மதகைக் கைகாட்ட முடியாது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேருவது அந்த ஊர்களைத் தாண்டி, திருநீர்மலை அருகில். அவற்றுக்கு வந்தது மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். அங்கே எந்த அதிகாரியும் மதகு திறக்கவில்லை.

மனை வாங்குகிறவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். அதில் முப்பது வருஷத்து அடமானமும் பாகப்பிரிவினையும் வரிசையாக வருகிறது. அந்தச் சர்வே எண்ணில் 2015இல் எத்தனை அடி தண்ணீர் நின்றது, 2023இல் எத்தனை அடி என்ற இரண்டு வரி மட்டும் இல்லை. அதெல்லாம் யாரிடம் பதிவாகியிருக்கிறது என்று கேட்பார்கள். 2015இல் வெள்ள நிவாரணம் கொடுக்க வருவாய்த் துறை ஊழியர்கள் எந்தத் தெருவில், எந்த வீட்டில் தண்ணீர் புகுந்தது என்று வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டு வந்தார்கள். பணம் கொடுக்க எடுத்த அந்தப் பட்டியலை மனை வாங்குகிறவர் கண்ணிலும் காட்டுவதில் என்ன தடை இருக்கிறது என்பதைப் பதிவுத் துறை சொல்லட்டும்.